இன்ட்டு போட்ட பக்கம்

கல்லைப் பற்றிப் படித்தவள் என்று தெரிந்தால் எங்கள் ஊரில் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். எந்த இடத்தில் போர் போட்டால் தண்ணீர் வரும்? திருச்செங்கோட்டில் ரிக் லாரி நிற்காத தெரு குறைவு. கல்யாணப் பந்தியில் பாயசம் வருவதற்குள் கேட்டிருக்கிறார்கள். துக்க வீட்டு வாசலில், பிணத்தை எடுப்பதற்கு முன்பே கேட்டிருக்கிறார்கள். எனக்குத் தெரியாதுங்க என்றால், அப்புறம் இவள் என்னத்தைப் படித்தாள் என்று முகத்திலேயே எழுதியிருக்கும். போய்த் தேங்காய் வைத்துப் பார்க்கிற ஆளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். ஒரு காலத்தில் கோபம் வரும். இப்போது அதற்குக்கூடத் தெம்பு இல்லை.

நான் படித்தது கடற்பஞ்சு, இங்கிலீஷில் ஸ்பாஞ்ச். அதிலும் கிரிட்டேசியஸ் காலத்துக் கடற்பஞ்சு. டைனோசர்கள் கடைசியாக நடமாடிய காலம் என்று சொன்னால் எல்லாருக்கும் புரிந்துவிடுகிறது. அப்போது அரியலூர், பெரம்பலூர் பக்கமெல்லாம் கடல் உள்ளே வந்திருந்தது. அந்தக் கடலடியில் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு, தண்ணீரை உள்ளே இழுத்து, அதில் கிடைத்ததைத் தின்று, மிச்சத் தண்ணீரை மேல்வாய் வழியாக வெளியே விட்டுக்கொண்டிருந்த பிராணி அது. செத்துச் சேற்றில் புதைந்து கல்லாகிவிட்டது. எங்கள் திருச்செங்கோட்டு மலைப்பாறையில் தேடினால் கிடைக்காது. கண்ணுக்குத் தெரிகிற உயிர் எதுவும் உலகத்தில் வருவதற்கு முன்பே வெந்து இறுகிய பாறை இது. அதனால் நாமக்கல், துறையூர் வழியாக பஸ் மாறி மாறிக் கிழக்கே போய், மழை பெய்து ஓய்ந்த கரிசல் காட்டில் குனிந்து பொறுக்கி, பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு வருவேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இவ்வளவு கனமாக என்ன என்று கேட்பார். பஞ்சு என்று சொல்ல முடியுமா?

பொறுக்குவது சுலபம். பெயர் சொல்வதுதான் ஆளைக் கொல்லும். கடற்பஞ்சுக்கு நிலையான உருவம் கிடையாது. அலையில்லாத இடத்தில் கிண்ணம் மாதிரி வளரும். அதே இனம் நீரோட்டமுள்ள இடத்தில் தட்டையாக, கோணல்மாணலாக வளரும். முன்காலத்தில் சேகரித்தவர்கள் உருவத்தைப் பார்த்து உருவத்துக்கு ஒரு பெயர் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். ஒரே ஆளுக்கு நான்கு பெயர், நான்கு ஆளுக்கு ஒரே பெயர். பின்னால் வந்த நாங்கள் உட்கார்ந்து அதைச் சிக்கெடுக்கிறோம். வெளியே பார்த்துப் பயனில்லை, உள்ளே பார்க்க வேண்டும். கல்லை அறுத்து, ஒரு வில்லையைக் கண்ணாடியில் ஒட்டி, வெளிச்சம் ஊடுருவும் வரை தேய்த்து, மைக்ராஸ்கோப்பில் வைத்தால் நுண்முட்கள் பின்னிய வலை தெரியும். தண்ணீர் போன வாய்க்கால்கள் தெரியும். வாயை ஒட்டிய மேல்பகுதியில்தான் இதெல்லாம் தெளிவாக இருக்கும். அடிப்பகுதி பாறையைப் பிடித்துக்கொள்வதற்காக அடைத்து இறுகிப்போயிருக்கும், எந்த இனத்தை அறுத்தாலும் அங்கே ஒன்று போலத்தான் இருக்கும்.

இதை நான் வேலையாகச் செய்யவில்லை. வேலை என்பது ஓர் இன்ஜினியரிங் கல்லூரியில் சிவில் மாணவர்களுக்கு நிலவியல் பாடம் எடுப்பது. அந்த ஒரு பாடத்துக்காக வைத்திருக்கிறார்கள். வருஷத்துக்கு வருஷம் சிவிலில் சேருகிறவர்கள் குறைகிறார்கள், கம்ப்யூட்டர் பிரிவு மாடி மாடியாக ஏறுகிறது. மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிந்திய வகுப்புதான் எப்போதும் எனக்கு. பாதிப் பேர் தூங்குவார்கள். அவர்களைக் குறை சொல்லவும் மனம் வராது, எனக்கே தூக்கம் வரும். வீட்டுக்கு வந்து, சமையலை முடித்து, கழுத்தைப் பிடித்துக்கொண்டு மைக்ராஸ்கோப்பின் முன்னால் உட்காருவதுதான் என் ஆராய்ச்சி. வேறு மாநிலத்தில் ஒரு பேராசிரியர் இதே துறையில் இருக்கிறார். இருவரும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதலாம் என்று ஆரம்பித்து, அது இழுத்துக்கொண்டே போகிறது.

என் கற்களையெல்லாம் அறுத்துக் கொடுத்தவர் என் வீட்டுக்காரர். சங்ககிரி ரோட்டில் கிரானைட், டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். மீசை முளைக்கும் முன்பே அவருடைய அப்பா மெஷினில் நிறுத்திவிட்டார். சமையல் மேடைக்கும் மாடிப்படிக்கும் கல் அறுக்கிற அதே மெஷினில், ஞாயிற்றுக்கிழமை ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து என் கடற்பஞ்சை அறுப்பார். கடற்பஞ்சு என்றால் என்னவென்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. எந்த இடத்தில், எவ்வளவு கனத்தில் என்பதை மட்டும் கேட்பார். எனக்கு அது பிடித்திருந்தது. வீட்டுக்கு வருகிறவர்களெல்லாம் என் கல்லைப் பார்த்து ஏதாவது கேட்கும்போது, கேட்காத ஒரு மனிதர் இருப்பது நிம்மதி.

ஆரம்பத்தில் ஒரு சண்டை வந்தது. அதைச் சொன்னால்தான் பின்னால் நடந்தது புரியும். கல்லின் வாய்ப்பக்கத்தில் மார்க்கரால் பெருக்கல் குறி மாதிரி ஒரு இன்ட்டு போடுவது என் பழக்கம். இந்தப் பக்கம் எனக்கு வேண்டும், பத்திரம் என்று அர்த்தம். கிரானைட் கடையில் அதே இன்ட்டுக்கு நேர்மாறான அர்த்தம். சாக்பீஸில் இன்ட்டு போட்ட பக்கம் கழிவு. உருண்டையான கல் மெஷின் மேடையில் உட்காராமல் ஆடும் என்பதால், கழிவுப் பக்கத்தை முதலில் சாணைச் சக்கரத்தில் வைத்துத் தேய்த்துத் தட்டையாக்கிக்கொள்வார்கள். நான் கொடுத்த முதல் கல்லையே அவர் இன்ட்டுப் பக்கமாகச் சக்கரத்திடம் கொண்டுபோனார். நான் போட்ட சத்தத்தில் கடைக்கு வந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஊரெல்லாம் இன்ட்டு என்றால் வேண்டாம், உனக்கு மட்டும் வேணுமா என்று அவர் கேட்டார். என் படிப்பில் இப்படித்தான், நான் மாற்றிக்கொள்ள மாட்டேன் என்றேன். புதிதாகக் கல்யாணமான வீம்பு. கொஞ்ச நாள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

அப்புறம் அவர்தான் மாறினார். மாறிவிட்டேன் என்று சொல்லவில்லை, சும்மா மாறிவிட்டார். காலையில் யாருக்கோ படிக்கல் அறுப்பார், அதில் இன்ட்டு கழிவு. மத்தியானம் என் கல்லை எடுப்பார், அதில் இன்ட்டு பத்திரம். ஒரே கை, ஒரே மெஷின். இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூடத் தவறியதில்லை. வட்டம் போட்டால் குறுக்கு வெட்டு, அம்பு போட்டால் நெடுக்கு வெட்டு என்று வேறு குறிகளும் எங்களுக்குள் சேர்ந்துகொண்டன. பேச்சே தேவைப்படாது. கல்லைக் கொடுத்துவிட்டு நான் கடைக்குள் உட்கார்ந்து பேப்பர் திருத்துவேன்.

போன வருஷம் கோடையில் அவருக்கு வலது கையும் காலும் இழுத்துக்கொண்டது. பக்கவாதம். சேலத்துக்குக் கொண்டுபோய் நேரத்துக்குச் சேர்த்ததால் பெரிதாகப் போகவில்லை என்றார்கள். பெயர் கேட்டார்கள், ஊர் கேட்டார்கள், என்ன மாசம் என்று கேட்டார்கள், என்னைக் காட்டி யார் என்று கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் சரியாகச் சொன்னார். புத்திக்கு ஒன்றும் ஆகவில்லை, கைதான், பயிற்சியில் சரியாகும் என்று அனுப்பினார்கள். பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்தவர், பிசைவதற்கு ஒரு ஸ்பாஞ்ச் பந்து கொடுத்துவிட்டுப் போனார். வீட்டில் இரண்டு பேருக்கும் இனிமேல் ஸ்பாஞ்சுதான் வேலை என்றேன். அன்றைக்குத்தான் ஆஸ்பத்திரிக்குப் பிறகு முதன்முதலாகச் சிரித்தார்.

கால் சீக்கிரம் தேறியது. கை இழுத்தடித்தது. டம்ளரைப் பிடித்தால் தண்ணீர் தளும்பும். சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிட வேண்டும். கடையை என் கொழுந்தனார் பார்த்துக்கொண்டார். இவரைக் கல்லாவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்திருந்தார்கள். வருகிறவர்களெல்லாம் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு, விலையைத் தம்பியிடம் கேட்டார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் பந்தைப் பிசைந்துகொண்டே சுவரைப் பார்ப்பார். நான் கல்லூரியிலிருந்து வந்து, சமைத்து, அவருக்கு எண்ணெய் தேய்த்து, மாத்திரை கொடுத்துப் படுப்பேன். சில நாள் உடை மாற்றக்கூடத் தெம்பு இருக்காது. மைக்ராஸ்கோப்பின் மேல் போட்ட துணியை எடுத்தே மாசக்கணக்கில் ஆகியிருந்தது.

அந்தச் சமயம் பேராசிரியர் போன் செய்தார். கட்டுரையில் மற்ற எல்லாம் முடிந்துவிட்டது, ஒரே ஒரு கல் மட்டும் பாக்கி என்றார். எனக்கும் தெரியும். எலுமிச்சம்பழத்தைவிடச் சிறிய கல். கரிசல் காட்டில் கிடைத்ததில் அந்த மாதிரி அது ஒன்றுதான். வெளியே பார்க்க, எங்களிடம் குவியலாக இருந்த ஒரு சாதாரண இனம் போலவே இருக்கும். ஆனால் வாய் விளிம்பில் துளைகள் வேறு விதமாக வரிசை கட்டியிருந்தன. உள்ளே வாய்க்கால்களும் அப்படியே போனால் இது யாரும் பெயர் வைக்காத புது இனம். போகவில்லையென்றால் பழைய குவியலோடு தூக்கிப் போட வேண்டியதுதான். அறுத்துப் பார்த்தால்தான் தெரியும், ஒரே தடவைதான் அறுக்க முடியும். இத்தனை வருஷம் முதுகு ஒடிந்ததற்கு எனக்கென்று ஒன்று மிஞ்சுமென்றால் அது அந்தக் கல்தான். அதனாலேயே அதைக் கடைசிவரை தொடாமல் வைத்திருந்தேன்.

பெங்களூரிலிருக்கும் மகள், அறுக்காமலே ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாமே அம்மா என்றாள். அவருக்கு எடுத்த ஸ்கேன்களே எனக்குப் போதுமென்று இருந்தது. எந்த ஊரில், யாரைப் பிடித்து, யாரிடம் தவம் கிடப்பது? சேலத்தில் ஒரு லேபில் கொடுக்கலாம் என்று முடிவு செய்து, கல்லைத் துணியில் சுற்றி மேசைமேல் வைத்தேன். அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“அத நானே அறுத்துத் தாரேன் அம்மிணி,” என்றார். “இந்த ஒரு கல்லு. கை நிக்குதா, இல்லியான்னு எனக்குந் தெரிஞ்சுரும்.”

கொழுந்தனாரிடம் சொன்னபோது அவர் பதறிவிட்டார். சுற்றுகிற பிளேடில் கை கொஞ்சம் நழுவினாலும் விரல் போய்விடும் என்றார். எனக்கு விரலைப் பற்றியும் பயம், கல்லைப் பற்றியும் பயம். எது அதிகம் என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருக்க மாட்டேன். வேண்டாம் என்று சொல்வதும் சுலபமாக இல்லை. அந்த வீட்டில் எல்லாரும் அவரிடம் ஏற்கெனவே வேண்டாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். வண்டி வேண்டாம், படி ஏற வேண்டாம், காபி வேண்டாம். இதையும் நான் சொன்னால் அந்தக் கை அதோடு முடிந்தது என்று நானே சொன்னதாக ஆகிவிடும். தவிர, வேறு யாரிடம் கொடுத்தாலும் அவரளவுக்கு நம்பிக் கொடுக்க மாட்டேன் என்பதும் நிஜம். சரிங்க என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை டிபன் முடித்துக் கடைக்குப் போனோம். கல்லில் வாய்ப்பக்கம் பெரிதாக ஒரு இன்ட்டு போட்டு, வாயிலிருந்து அடி வரை நெடுக்காக அறுப்பதற்குக் கோடும் இழுத்திருந்தேன். கொழுந்தனார் மெயின் ஸ்விட்ச் பக்கத்திலேயே நின்றுகொண்டார். என் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு, தண்ணீர்க் குழாயைத் திறந்து, முதலில் சாணைச் சக்கரத்தைப் போட்டார். வலது கையால் கல்லைப் பிடித்து, இடது கையை அதற்கு அண்டை கொடுத்தார். என் பார்வை அவருடைய வலது மணிக்கட்டை விட்டு நகரவில்லை. நடுங்கவில்லை. வீட்டில் டம்ளரைப் பிடிக்க முடியாத கை அங்கே அப்படியே நின்றது. சக்கரத்திலிருந்து வெள்ளைச் சேறு வழிந்து அவர் முழங்கை வரை ஓடியது. கொழுந்தனாரைப் பார்த்தேன், அவரும் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கல்லை நாங்கள் இருவருமே பார்க்கவில்லை.

பிறகு பிளேடுக்கு மாற்றினார். கோட்டின் மேல் பிளேடு ஏறி இறங்கியது. மெஷினை நிறுத்திவிட்டு, வில்லையைக் கழுவி வேட்டியில் துடைத்து என்னிடம் நீட்டினார். மிச்சக் கல்லையும் கொடுத்தார். கொழுந்தனார் அண்ணா, அண்ணா என்று அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டார்.

“நல்லா வந்துருக்குதா அம்மிணி?” என்று இவர் என்னிடம் கேட்டார். முகமெல்லாம் சிரிப்பு. “கல்லு ஆடுச்சு பாத்துக்க. இன்ட்டுப் பக்கத்த நல்லாத் தேச்சு எடுத்துப்போட்டேன், அப்பறந்தான் கெட்டியா உக்காந்துச்சு.”

மிச்சக் கல்லைத் திருப்பிப் பார்த்தேன். வாய் இல்லை. விளிம்பு இல்லை, துளை வரிசை இல்லை. இன்ட்டும் இல்லை. வழவழவென்று தட்டையாக இருந்தது. நான் பார்க்க வேண்டியிருந்ததெல்லாம் வெள்ளைச் சேறாகச் சாக்கடைக்குள் போயிருந்தது. என் கையிலிருந்த வில்லையில் அடிப்பகுதி மட்டும்தான் மிஞ்சியிருந்தது. ஒரே கனம், ஓரம் சிதறாத வெட்டு. அவர் அறுத்ததிலேயே அருமையான வெட்டு அதுதான் என்று இப்போதும் சொல்வேன்.

முதலில் வந்தது கோபம். கல்யாணமான புதிதில் கத்தியதைப் போலக் கத்திவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அவர் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, விரல்களை நீட்டி மடக்கி, நீட்டி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கோடு பிசகாம வந்துருக்குங்க,” என்றேன். அது பொய் இல்லை.

வீட்டில் அந்த வில்லையை ஒட்டி, தேய்த்து, மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். எதிர்பார்த்ததுதான். இறுகி அடைத்த வலை, வாய்க்கால் ஒன்றுகூடத் தெளிவில்லை. புது இனமா, பழைய இனமா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. எடுத்து வைத்திருந்த போட்டோவில் வெளித்துளைகள் மட்டும் இருக்கின்றன, அதை வைத்துப் பெயர் வைத்தால் முன்காலத்து ஆட்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? பேராசிரியருக்குப் பேரினத்தின் பெயரை மட்டும் எழுதி, இனம் உறுதி செய்ய இயலவில்லை என்று அனுப்பினேன். அறுக்கும்போது சேதமானது என்று சேர்த்தேன். இதெல்லாம் நடப்பதுதான் என்று அவர் நல்லவிதமாகப் பதில் போட்டார். குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். கல்லுக்காகத்தான் அழுதேன், அப்போது.

வேறொன்று மனதுக்குள் உறுத்திக்கொண்டிருந்தது. அவருக்குக் கை தவறவில்லை. அவசரமும் படவில்லை. சின்ன வயதில் அவருடைய அப்பா சொல்லிக்கொடுத்ததை அச்சுப் பிசகாமல் செய்திருந்தார். இரண்டு நாள் கழித்து, அவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு கல்லில் வட்டம் போட்டு அவரிடம் காட்டி, இது எதற்கு என்று விளையாட்டாகக் கேட்பது போலக் கேட்டேன்.

“பைப்புக்கு ஓட்டை போடோணும்,” என்றார். சமையல் மேடையில் குழாய் வருகிற இடத்துக்குக் கடையில் வட்டம்தான் போடுவார்கள்.

அம்பு போட்டுக் காட்டினேன். பாலிஷ் எந்தப் பக்கம் என்பதற்கு என்றார். கடையில் அதுவும் சரி. நான் தலையாட்டினேன். டாக்டர்கள் பெயரைக் கேட்டார்கள், மாசத்தைக் கேட்டார்கள். இந்த வட்டத்தையும் அம்பையும் பற்றி எந்த டாக்டர் கேட்பார்? உலகத்தில் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த பாஷை அது. இப்போது எனக்கு மட்டும்தான் தெரியும். அன்று மறுபடி அழுகை வந்தது, அது கல்லுக்காக இல்லை. எனக்காக அவர் மாறியது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு அதுவரை உறைத்ததே இல்லை. மாறினார், அவ்வளவுதான் என்று எடுத்துக்கொண்டு, உட்கார்ந்து பேப்பர் திருத்தியிருக்கிறேன்.

அவரிடம் சொல்லவில்லை. மகளிடமும் சொல்லவில்லை. அந்தக் கல்லை அறுத்த மறுநாளிலிருந்தே அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு மெஷின் பக்கம் நிற்கிறார். கொழுந்தனார் பக்கத்திலேயே இருக்கிறார். சட்டைப் பொத்தானை இவரே போட்டுக்கொள்ளப் பழகிவிட்டார், மேல் பொத்தானைத் தவிர.

கட்டிலுக்கடியில் இன்னும் ஒரு பெட்டி கல் இருக்கிறது. எல்லாம் அந்தச் சாதாரண இனம்தான். ஒன்றோடொன்று ஒப்பிடுவதற்கு அவற்றையும் அறுத்தாக வேண்டும். எல்லாவற்றிலும் பல வருஷத்துக்கு முன்பே வாய்ப்பக்கம் இன்ட்டு போட்டு வைத்திருந்தேன். ஒரு சனிக்கிழமை மத்தியானம் தரையில் உட்கார்ந்து, பஞ்சில் தின்னரை நனைத்து, ஒவ்வொன்றிலும் பழைய இன்ட்டைத் துடைத்து அழித்தேன். கல்லைத் திருப்பி, அடிப்பக்கம் புதிதாகப் போட்டேன். கை பழக்கத்தில் வாய்ப்பக்கமே போய்க்கொண்டிருந்தது. சிலவற்றில் இரண்டு தடவை அழிக்க வேண்டியிருந்தது. முட்டி வலித்தது, தின்னர் வாசனையில் தலை சுற்றியது.

மறுநாள் கடையில் அவர் முதல் கல்லை எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். இன்ட்டைக் கட்டைவிரலால் தடவினார்.

“இப்பத்தான் அம்மிணி நீ ஒழுங்கா மார்க் பண்ணிக் கொண்டாந்திருக்கற,” என்றார்.

“ஆமாங்க,” என்றேன். அவர் சக்கரத்தைப் போட்டார். நான் உள்ளே போய் உட்காராமல் பக்கத்திலேயே நின்றுகொண்டேன்.